குளிர்காலத்துப் புல்லுக்காக ஒரு குதிரைச் சவாரி

டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸிலிருந்து வடமேற்கே டிகேட்டர் ஊரைத் தாண்டினால் எல்.பி.ஜே. (லிண்டன் பி. ஜான்சன்) தேசியப் புல்வெளி வந்துவிடும். 20,000 ஏக்கருக்கும் மேல். 1930-களில் புழுதிப் புயல் அடித்த காலத்தில், உழுது உழுது மேல்மண் போய்விட்ட பண்ணைகளை மத்திய அரசு விலைக்கு வாங்கி மறுபடி புல் வளரவிட்ட நிலம் அது. இன்று அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஓக் மரத் தோப்புகள், நடுநடுவே திறந்த புல்வெளி, மாடு தண்ணீர் குடிக்க வெட்டிய குட்டைகள், குளம்புக்கு இதமான மணல் பாதை. நிறம் நிறமாகக் குறி வைத்த சவாரிப் பாதைகள் மட்டும் ஏறக்குறைய 75 மைல் இருக்கின்றன.

எங்கள் பக்கத்துக் குதிரை மீட்புக் காப்பகம் ஒன்று வசந்த காலத்தில் அங்கே ஒரு சவாரி நடத்துகிறது. குதிரை வைத்திருப்பவர்கள் தங்கள் குதிரையோடு வந்து கட்டணம் கட்டி, பத்துப் பன்னிரண்டு மைல் காட்டுப் பாதையில் போய்வருவார்கள். மிச்சப் பணம் காப்பகத்துக்கு. பள்ளியில் தன்னார்வ நேரம் காட்ட வேண்டும் என்று என் மகள் அங்கே சாணி அள்ளப் போனாள். அவளைக் காரில் கொண்டுபோய் விட்ட நான் அப்படியே கணக்கு எழுதும் ஆளாகிவிட்டேன். நான் குதிரை ஏறுவது அபூர்வம். ஆனால் பதிவு மேசை, ரசீது, பாதையோர நிலையம் என்று அந்த நாளின் பின்பக்கம் நன்றாகத் தெரியும். இதுமாதிரி ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்கும், இதற்கெல்லாம் பணம் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

பணம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தவறாக நினைப்பது அதைத்தான். "குதிரையைக் காப்பாற்றினார்கள்" என்றால் ஏதோ ஒரு ராத்திரியில் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்ததோடு வேலை முடிந்தது என்று தோன்றும். ஏற்றிக்கொண்டு வருவது ஒரு நாள் செலவு. அதற்குப் பிறகு வருவதுதான் செலவு.

ஒரு செவலைப் பெண் குதிரை வந்தது நினைவிருக்கிறது. ஷெரிஃப் அலுவலகம் பறிமுதல் செய்த வழக்கு. டெக்சாஸில் கொடுமைப்படுத்தப்பட்ட விலங்கை வாரண்டோடு பறிமுதல் செய்தால், 10 நாளுக்குள் நீதிபதி முன்னால் விசாரணை நடக்க வேண்டும். நீதிபதி உரிமையாளரிடமிருந்து எடுத்துக் காப்பகத்துக்குக் கொடுக்கும் வரை அந்தக் குதிரை ஒருவகையில் சாட்சியப் பொருள். எனவே வந்த அன்றே படம் எடுத்து, மருத்துவர் உடல்நிலை மதிப்பெண் போடுவார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னெக்கே 1983-ல் வகுத்த முறை அது. கழுத்து, திமில் மேடு, முதுகு, வால் அடி, விலா, தோள்பட்டைக்குப் பின்னால் என்று ஆறு இடங்களைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் 1 முதல் 9 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். 5 என்றால் நல்ல உடம்பு. இவளுக்கு மருத்துவர் எழுதியது 1. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் எண்ணலாம். குட்டியாக இருந்தபோது மாட்டிய தலைக்கயிறு வளர வளர மூக்கின் மேல் தோலுக்குள் புதைந்துபோயிருந்தது. அதைக் கத்தரித்து எடுக்க மயக்க ஊசி போட வேண்டியிருந்தது.

பட்டினி கிடந்த உயிரைப் பார்த்ததும் வயிறு நிறையப் போடத்தான் நமக்குக் கை வரும். பட்டினிக் குதிரைக்கு அப்படிச் செய்தால் அதுவே கொன்றுவிடும். தானியம், சர்க்கரை, மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுபட்டுவிடும். மூன்று முதல் ஐந்து நாளில் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். வந்த அன்று எழுந்து நின்ற குதிரை, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு விழுவது இதனால்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி பரிந்துரைக்கும் முறையில், முதல் 3 நாளைக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 பவுண்டு அல்ஃபால்ஃபா (குதிரைமசால் என்ற தீவனம்) மட்டும். அரைக் கிலோவுக்கும் குறைவு. பத்து நாள் வரை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அல்ஃபால்ஃபாவில் மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மக்னீசியமும் உண்டு என்பதுதான் காரணம். இதை மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும், இணையத்தில் படித்துவிட்டுச் செய்யக் கூடாது.

4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நள்ளிரவும் அதில் அடக்கம். தராசில் நிறுத்துப் போட்ட அந்தக் கைப்பிடிப் புல்லைத் தின்றுவிட்டு, வாளியின் அடியை அவள் நக்கிக்கொண்டே இருப்பாள். இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்று கை துடிக்கும். கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் நேரத்தையும் எடையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் நான்கு நல்ல உள்ளங்கள் நான்கு தடவை கூடுதலாகப் போட்டிருப்பார்கள்.

பழைய எடைக்கு வர 3 முதல் 5 மாதம். அதற்குள் பல் ராவ வேண்டும், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், தடுப்பூசி, குடற்புழு மருந்து. ஆண் குதிரையாக இருந்தால் காயடிக்க வேண்டும். சரியான ஒரு குதிரை தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்ந்த புல்லை ஒவ்வொரு நாளும் தின்னும். 500 கிலோ குதிரைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ. சதுரக் கட்டு ஒன்று இரண்டு நாளைக்குக் கொஞ்சம் மேல் வரும். இருபது குதிரை நிற்கும் கொட்டகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் ஒரு பகுதி காப்பாற்ற முடியாத குதிரையை வலியில்லாமல் விடுவிக்கவும் போகிறது. சுவரொட்டியில் யாரும் இதைப் போடமாட்டார்கள். பணம் கொடுத்தவர் கேட்டால் நாங்கள் மறைப்பதில்லை.

இந்த ஊரில் இத்தனை குதிரைக்கு என்ன கேடு என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. டெக்சாஸில் குதிரை நிலத்தோடும் மழையோடும் கட்டுண்டது. 2011 வறட்சியில் புல் விலை எகிறியபோது சாலையோரத்தில் அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உரிமையாளர் வயதாகி முடியாமல் போவார், விவாகரத்து ஆகும், வேலை போகும். ஏலச் சந்தைக்குப் போகும் குதிரையை இறைச்சிக்கு வாங்குபவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் கடைசியாக இயங்கிய மூன்று குதிரை அறுப்பாலைகளில் இரண்டு இங்கேதான் இருந்தன: ஃபோர்ட் வொர்த்தில் ஒன்று, காஃப்மனில் ஒன்று. மனிதர் உண்பதற்காகக் குதிரை இறைச்சி விற்பதைத் தடுக்கும் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் டெக்சாஸில் இருந்தும் தூங்கிக்கொண்டிருந்தது. அது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு 2007-ல் இரண்டும் மூடப்பட்டன. மூன்றாவது, இல்லினாய் மாநிலத்தில் இருந்தது, அதே வருடம் மூடியது. அறுப்பு நிற்கவில்லை. லாரிகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் திரும்பின.

இதை வைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. "இந்தக் குதிரைக்கு வியாழக்கிழமை லாரி, அதற்குள் பணம் வராவிட்டால் அவ்வளவுதான்" என்று படத்தோடு முகநூலில் சுற்றும். பார்த்தால் மனசு கேட்காது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் இறைச்சிக்கு வாங்குபவர் கைக்கே, சந்தை விலையை விட அதிகமாகப் போகிறது. அவர் அடுத்த ஏலத்தில் இன்னும் இரண்டு குதிரை வாங்குவார். நான் அதற்குக் கொடுப்பதில்லை. எங்கள் காப்பகம் ஷெரிஃப் கொண்டுவருவதையும், உரிமையாளரே கொண்டுவந்து ஒப்படைப்பதையும் மட்டும் எடுக்கிறது. எல்லாரும் இதை ஏற்பதில்லை. எங்கள் தன்னார்வலர்களுக்குள்ளேயே இதைப் பற்றி வாக்குவாதம் உண்டு.

நீங்கள் கொடுக்க நினைக்கும் அமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. லாப நோக்கில்லாத அமைப்புகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும். வருட வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய அமைப்பு அஞ்சலட்டை அளவு படிவம் கொடுத்தாலே போதும், அதில் ஒன்றும் தெரியாது. அப்படியென்றால் நேராகக் கேளுங்கள்: போன வருடம் எத்தனை குதிரை வந்தது, எத்தனை தத்துப் போனது, எத்தனை இறந்தது, தத்துக் கொடுத்த பிறகு போய்ப் பார்க்கிறீர்களா? இதற்கு உடனே பதில் சொல்கிறவர்கள் கணக்கு வைத்திருப்பவர்கள்.

இனி சவாரிக்கு வருகிறேன்.

தேசியப் புல்வெளியில் 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் வனத்துறையின் சிறப்பு அனுமதி வேண்டும். பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கினால் ஆள் எண்ணிக்கை எதுவானாலும் வேண்டும். நல்ல காரியம்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், காப்பீட்டுப் பத்திரமும் கேட்பார்கள். குதிரையால் இயல்பாக வரும் ஆபத்துக்கு நடத்துபவர் பொறுப்பில்லை என்று டெக்சாஸ் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. அதை எழுதிய பலகையை வைக்க வேண்டும், கையெழுத்தும் வாங்க வேண்டும். ஆனால் அந்தப் பலகையை நம்பிக் காப்பீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். குதிரை இல்லாதவருக்குக் காப்பகக் குதிரையைக் கொடுத்து ஏற்றிவிடுவதும் வேண்டாம். காப்பீடு அங்கேயே அறுந்துவிடும். அந்தக் குதிரைகளுக்கும் அது நல்லதில்லை.

அடுத்து காகின்ஸ் காகிதம். குதிரைத் தொற்று ரத்தசோகை என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. குதிரை ஈயும் அழுக்கு ஊசியும் பரப்பும். தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. அந்த நோய் வந்த குதிரை வாழ்நாள் முழுக்கத் தனியே அடைபட வேண்டும், இல்லையென்றால் கொல்லப்பட வேண்டும். லெராய் காகின்ஸ் உருவாக்கிய ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்ற சான்று 12 மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால்தான் டெக்சாஸில் குதிரைகள் கூடும் இடத்துக்குக் கொண்டுவரலாம். ட்ரெய்லர் கதவைத் திறப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும், குதிரை இறங்கிவிட்டால் பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் கிளம்பி இரண்டு மணி நேரம் ஓட்டி வந்த ஒருவரின் காகிதம் இரண்டு வாரம் முன்பு காலாவதியாகியிருந்தது. "ரெண்டு வாரத்துல என்ன ஆயிடும்?" என்றார். பாதைத் தலைவர் (எழுபதைத் தொடும் அம்மாள், குரலே உயராது) கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அந்த மனிதர் கோபத்தோடுதான் கிளம்பினார். அதற்குப் பிறகு, பதிவு செய்யும்போதே காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறோம். தேதி நெருங்கியிருந்தால் ஒரு மாதம் முன்பே நினைவூட்டுகிறோம். வாசலில் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

எடை விஷயமும் பதிவுப் படிவத்திலேயே தீர்ந்துவிட வேண்டும். ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது பொதுவான கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. மேற்கத்திய சேணமே பதினைந்து கிலோ போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காலையில் எல்லார் முன்னாலும் ஒருவரிடம் எடை கேட்பதை விடப் படிவம் கேட்பது நாகரிகம்.

எங்கள் சவாரி போக்கர் சவாரி; போக்கர் என்பது ஒரு சீட்டாட்டம். பாதையில் ஐந்து இடத்தில் மடக்கு மேசை போட்டுத் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் சவாரிக்காரர் ஒரு சீட்டு எடுப்பார். முடிவில் கையில் ஐந்து சீட்டு, நல்ல சீட்டுகள் சேர்ந்தவருக்குப் பரிசு. சீட்டு என்றதும் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. தர்மத்துக்குத்தான் என்று சொல்லியும் பெரிதாக விரியவில்லை. இதில் எனக்குப் பிடித்தது பரிசு இல்லை. வேகமாகப் போனால் எந்த லாபமும் இல்லை என்று ஆகிவிடுகிறது. பந்தயமாக மாறியிருக்கக்கூடிய ஒரு கூட்டம் நடையாகவே போகிறது. இன்னொன்று, ஒவ்வொரு குதிரையும் ஐந்து தடவை நிற்கிறது, ஐந்து தடவை ஒருவர் கண்ணில் படுகிறது.

சீட்டைக் கொடுக்கும் ஆள்தான் உண்மையில் காவல். நம்பர் போட்ட தாளில் வருபவரைக் குறிக்கிறோம். சீட்டு எடுக்கிற நேரத்தில் குதிரையைப் பார்க்கிறோம்: மூக்குத்துவாரம் விரிந்து விரிந்து மூடுகிறதா, வியர்வை நுரைத்திருக்கிறதா, ஒரு காலில் எடை போடாமல் நிற்கிறதா. சந்தேகம் வந்தால் கழுத்துத் தோலைக் கிள்ளி விட வேண்டும். உடனே படிந்துவிட்டால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது, மடிப்பு நின்றால் இல்லை. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. பத்து நிமிடம் நின்ற பிறகும் 60-க்குக் கீழே இறங்காவிட்டால் அந்தக் குதிரைக்கு அன்றைய சவாரி போதும். உரிமையாளர் ஒத்துக்கொள்ளத் தயங்குவார். நிலையத்தில் இருப்பவருக்கு "இங்கேயே நில்லுங்க" என்று சொல்லும் அதிகாரம் உண்டு என்பதைக் காலைக் கூட்டத்திலேயே பாதைத் தலைவர் எல்லார் காதிலும் போட்டுவிடுவார். அது இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

மூன்றாவது நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்த ஒரு வருடம், இரண்டு நம்பர் வரவில்லை. பின்னால் கிளம்பியவர்களெல்லாம் சீட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கைபேசிக்கு அங்கே சிக்னல் வரும், போகும். வாக்கி-டாக்கியில் இரண்டாம் நிலையத்தைக் கேட்டேன், தங்களைத் தாண்டிவிட்டார்கள் என்றார்கள். ஆக, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். கூட்டத்துக்குக் கடைசியாக வரும் காவல் சவாரிக்காரரைக் கேட்டோம். அவர் ஒரு குட்டைப் பக்கம் அவர்களைக் கண்டுபிடித்தார். குதிரை லாடம் ஒன்று கழன்று, ஆணி ஒன்று பாதி வளைந்து நின்றிருந்தது. இரண்டு பெண்களும் இறங்கி, குதிரைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பலாமா என்று நின்றுகொண்டிருந்தார்கள். வண்டிப் பாதை வழியாக ட்ரெய்லர் போய் ஏற்றி வந்தது. அவ்வளவுதான், கதை இல்லை. இந்த நாளில் கதை எதுவும் உருவாகாமல் இருக்கத்தான் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாதை ஒழுங்குகள் சில, குதிரை தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை. வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை. பச்சை என்றால் அனுபவமில்லாத குதிரை. முன்னால் போகும் குதிரைக்கும் நமக்கும் ஒரு குதிரை நீளம் இடைவெளி வேண்டும். ஒருவர் குதிரை தண்ணீர் குடித்து முடியும் வரை மற்றவர்கள் குட்டையை விட்டுக் கிளம்பக் கூடாது. துணை போய்விட்டால் குதிரை தண்ணீரை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடும். மூடியிருந்த வேலிக் கதவைத் திறந்தால் கடைசியாகப் போகிறவர் மூட வேண்டும், உள்ளே மாடு மேய்கிறது. தொப்பி போடும் ஊரில் ஹெல்மெட் பற்றிப் பேசுவது கொஞ்சம் கஷ்டம்தான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டாயம் என்று படிவத்திலேயே வைத்துவிட்டோம். பெரியவர்களை விட்டுவிட்டோம், அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை.

பணம் பற்றி. கட்டணம் என்பது அனுமதி, காப்பீடு, தற்காலிகக் கழிப்பறை, மதியச் சாப்பாடு இவற்றோடு சரியாகப் போய்விடும். காப்பகத்துக்கு வருவது மூன்று வழியில்: சவாரிக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் முன்பே திரட்டி வருவது, ஏலம், அப்புறம் கம்பெனிகள் போடும் பங்கு. ஏலத்தில் பொருளை விட வேலை நன்றாக விலை போகும். லாடக்காரர் ஒரு தடவை வந்து குளம்பு சீவித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த சீட்டுக்குத்தான் எப்போதும் போட்டி. குலுக்கல் நடத்துவதற்கு டெக்சாஸில் தனிச் சட்டம் இருக்கிறது, ரொக்கத்தைப் பரிசாகக் கொடுக்க முடியாது. படித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது வழியில்தான் நம் ஆட்கள் பெரிய உதவி. இங்குள்ள தமிழர்களில் பாதிப் பேர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார்கள். ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனியும் கொடுக்கும் திட்டம் பல இடங்களில் உண்டு. தன்னார்வமாக உழைத்த நேரத்துக்கே பணம் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. யாரும் கேட்காததால் அது அப்படியே கிடக்கிறது. ஒரு நண்பரிடம் கேட்டபோது, "என்னங்க, ஊர்ல பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்ல, நீங்க அமெரிக்காக் குதிரைக்குக் காசு கேக்கறீங்க?" என்றார். சரியான கேள்வி. பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு இதற்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, உங்கள் கம்பெனி தன் பையிலிருந்து கொடுப்பதில் ஒரு பகுதியைக் கேட்கிறேன் என்றேன். நான்கு கட்டுப் புல்லுக்குப் போட்டார். சவாரி அன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் வந்தார். "ஒரு கட்டுப் புல் இத்தனை டாலர்" என்று சொன்னால் கொடுப்பவருக்குப் பிடிகிடைக்கிறது. "குதிரைகளைக் காப்பாற்றுங்கள்" என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் பை நிறைய கேரட் கொண்டுவந்திருந்தார்கள். உரிமையாளரைக் கேட்காமல் எந்தக் குதிரைக்கும் எதையும் ஊட்டக் கூடாது, ஊட்டினால் விரலை விரித்துத் தட்டையான உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும், பின்பக்கமாகப் போகக் கூடாது. இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பீன்ஸ்தானே என்று நம்பி எடுத்த பாத்திரத்தில் பன்றி இறைச்சி கிடக்கும் ஊர் இது.

ரசீது எழுதும்போது கட்டணத்தையும் நன்கொடையையும் பிரித்து எழுதுங்கள். சாப்பாடு, டி-ஷர்ட் என்று திரும்பப் பெற்றதன் மதிப்பைக் கழித்த மிச்சத்துக்குத்தான் வரிவிலக்கு. ஒருவர் கட்டியது 75 டாலரைத் தாண்டி அதற்குப் பதிலாக ஏதாவது பெற்றிருந்தால், அந்த மதிப்பை அமைப்பே எழுதிக் கொடுக்க வேண்டும். 250 டாலர் அல்லது அதற்கு மேல் நன்கொடை என்றால் எழுத்துமூலமான ஒப்புகை இல்லாமல் விலக்குக் கேட்க முடியாது. கம்பெனிப் பங்குக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே காகிதம்தான் வேண்டும். சவாரி முடிந்த வாரத்துக்குள் அனுப்பிவிட்டால் பாதிப் பேர் விண்ணப்பிப்பார்கள். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் ஆர்வம் ஆறிப்போயிருக்கும்.

மாலையில் ட்ரெய்லர் நின்ற இடத்தில் கிடக்கும் சாணி, சிந்திய புல், கயிற்றுத் துண்டு எல்லாவற்றையும் அள்ளிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அனுமதி அடுத்த தடவையும் கிடைப்பது அதில் இருக்கிறது.

சவாரியை ஏப்ரலில் வைப்பதற்குக் காரணம் வானிலை என்று பலர் நினைக்கிறார்கள். டெக்சாஸ் ஏப்ரலில் இடி, ஆலங்கட்டி, சூறாவளி எச்சரிக்கை எல்லாம் உண்டு. மாற்றுத் தேதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அறிவிக்கிறோம். நவம்பரில் மான் வேட்டை தொடங்கிவிடும் என்பதும் ஒரு காரணம். முக்கியமான காரணம் புல். பெர்முடா புல்லின் முதல் அறுவடை மே, ஜூனில் வரும். வயலிலேயே கட்டைத் தூக்கி நம் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டால் ஒரு விலை, விவசாயி கொட்டகையில் வைத்திருந்து ஜனவரியில் விற்றால் வேறு விலை. வறட்சி வருடத்தில் ஜனவரியில் எந்த விலைக்கும் கிடைக்காது. மே மாதம் கையில் ரொக்கம் இருப்பவர்தான் மலிவாக வாங்குவார். அல்ஃபால்ஃபா வாங்கினால் மட்டும் கொப்புள வண்டு பற்றி விவசாயியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புல்லோடு சேர்ந்து நசுங்கிக் கட்டுக்குள் போய்விட்டால், செத்த வண்டில் சிறிதளவு கூடக் குதிரையைக் கொல்லும்.

வெயில் ஏறும் முன்பு ஏற்றிவிட வேண்டும் என்று அதிகாலையிலேயே வயலுக்குப் போவோம். முழுக்கைச் சட்டை, கையுறை இல்லாமல் வந்தவர்களின் முன்கை அன்று மாலை முழுக்கக் கீறல்தான். கொட்டகையில் அடுக்கும்போது தரையில் மரச்சட்டம் போட்டு அதன் மேல் அடுக்குங்கள், சுவரை ஒட்டாமல் காற்றுப் போக இடம் விடுங்கள். ஈரத்தோடு கட்டிய புல் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் முதல் ஆறு வாரம் நடுவில் இருக்கும் கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் பிரித்து ஆறப் போடலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் கட்டை இழுக்காதீர்கள், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். குதிரைகளை வெளியே விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.